கச்சதீவை நகர்த்திய புள்ளி

கச்சதீவின் அமைவிடம் ஏறத்தாழ வடக்கு 9 பாகை 23 கலை, கிழக்கு 79 பாகை 31 கலை. செய்தி மேசையில் இருந்த காலத்தில் இதனை 9.23, 79.31 எனச் சுருக்கி அச்சுக்கு அனுப்பியவர்களுள் அடியேனும் ஒருவன். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைப்பு. அன்று எவரும் பிழை சொல்லவில்லை.

இன்று அதே எண்களைக் கணினி வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். கச்சதீவு தெற்கே 17 கிலோமீற்றரும் மேற்கே ஏறத்தாழ 23 கிலோமீற்றரும் நகர்ந்து, இராமேசுவரத்துக்குச் சற்றுத் தெற்கே போய் நிற்கும். எந்த உடன்படிக்கையும் இன்றித் தீவை இந்தியாவிடம் கையளித்துவிட்டோம்!

ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. பஞ்சாங்கம் பார்ப்போருக்கு இது புதிதன்று. எனவே 23 கலையையும் 31 கலையையும் 60 ஆல் வகுத்தே தசமமாக்க வேண்டும். சரியான எண்கள் 9.383, 79.517.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. 1974 ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை உடன்படிக்கையில் கடலெல்லையின் மூன்றாம் புள்ளி வடக்கு 9 பாகை 40.15 கலை, கிழக்கு 79 பாகை 22.60 கலை. இங்கே 22.60 என்பது 22 கலை 36 விகலை. அதனை 22 கலை 60 விகலை என வாசித்தால் புள்ளி கிழக்கே சுமார் 730 மீற்றர் தள்ளிப் போகும். ஆயினும் 60 விகலை என்றதும் சிலராவது ஐயுறுவர். 40.15 அவ்வாறு எச்சரிப்பதில்லை. அது 40 கலை 9 விகலை. 15 விகலை என்று படித்தாலோ சுமார் 185 மீற்றர் வடக்கே பிசகும்.

படகுகளிலுள்ள ஜீ.பி.எஸ். கருவிகள் ஒரே இடத்தைத் தசமப் பாகையாகவும், பாகை - கலையாகவும், பாகை - கலை - விகலையாகவும் காட்டவல்லவை. பாக்குநீரிணையின் மீனவர் பிணக்குக்கு இந்தக் குழப்பமே காரணம் என்று நான் சொல்லவில்லை. இழுவைப் படகுகளின் கதை வேறு. ஆனால் கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்பதில் ஒரு கடற்றொழிலாளியின் விடுதலையும் படகும் தங்கியிருக்கையில், கடற்படை அறிக்கையோ பத்திரிகையோ அலகின்றி வெறும் எண்ணை வெளியிடுவது பொறுப்பற்ற செயல் என்பேன். ஒரு சொல்லைச் சேர்க்க எத்தனை அங்குல இடம் வேண்டும்?

அடுத்த கைதுச் செய்தியில் அத்தகைய எண்ணைக் கண்டால், ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்: புள்ளிக்குப் பின்னால் நிற்பது பாகையின் பின்னமா, கலையா?