பீர்க் கொட்டகை யாத்திரை

யாத்திரை என்றால் மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் சிறந்திருக்க வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. கெடா நாட்டுத் தமிழ் இளைஞர் சிலர் இப்போது மேற்கொள்ளத் தொடங்கியிருக்கும் ஐரோப்பிய யாத்திரைக்கு இம்மூன்றிலும் குறைவில்லை. தலங்கள் மூனிக், ஸ்டுட்கார்ட், பில்சன் முதலியன. மூர்த்தி, ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குவளை. தீர்த்தம் இன்னதென்று நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

திட்டம் வகுக்கும் முறையைக் கேளுங்கள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் மூனிக் நகரில் இறங்குவது. ஐவருக்கு ஒரு மோட்டார் வண்டியை வாடகைக்கு அமர்த்துவது. அக்டோபர்ஃபெஸ்ட் என்னும் விழாவில் மூன்று நாள் இருப்பது. பிறகு சாலைவழியாக ஸ்டுட்கார்ட் சென்று கண்ணஷ்டாட் விழாவில் இரண்டு நாள். அங்கிருந்து செக் நாட்டெல்லையைக் கடந்து பில்சன். வழியில் அகப்படும் மதுவடிசாலைகளெல்லாம் இலாபக் கணக்கு. எந்தக் கொட்டகையில் எத்தனை மணிக்கு இடம் பிடிப்பது, எந்த ஊர்ப் பீர் எந்த நிறம் என்பவையெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இடையில் உள்ள ஊர்களில் மனிதர் வாழ்கிறார்களா, வாழ்ந்தார்களா என்பதுபற்றி மாத்திரம் ஒரு குறிப்பும் காணோம்.

உடனே, "நம்மவன் வெளிநாடு போனால் உமக்கேன் வயிற்றெரிச்சல்?" என்று சிலர் கேட்பர். போகவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். நம் பாட்டனார்கள் செய்த பிரயாணம் என்ன? ரஜூலா போன்ற கப்பலின் டெக்கில் சுருண்டு கிடந்து பினாங்குக்கு வந்தது ஒன்று. 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் பிடித்து ஏற்றிய கூட்ஸ் வண்டியில் சயாம் ரயில் பாதைக்குப் போனது மற்றொன்று. போனவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில், தங்கள் விருப்பப்படி, தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றுகிறார்கள் என்றால் அதைவிட மகிழத்தக்க செய்தி வேறென்ன? என் வழக்கெல்லாம் அப்பிரயாணத்தின் அச்சாணியாகக் குவளையை வைத்ததைப் பற்றியதே.

முதலாவதாக, இதிலுள்ள ஜாதி வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆம், மதுவிலும் ஜாதி இருக்கிறது! லயத்துத் திண்ணையில் கள் குடித்தவன் குடிகாரன். மூனிக் கொட்டகையில் பீர் குடிப்பவன் ரசிகன். மலிவுச் சாராயம் குடித்தவன் சமூகத்துக்கு அவமானம். இறக்குமதிப் புட்டியைத் திறந்தவன் சமூகத்தின் முன்னேற்றத்துக்கு அடையாளம். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கு மேற்பட்டவர் மாண்டபோது, மாண்டவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டுக் கூலித் தொழிலாளர் என்பதால் நம் பட்டணத்து நண்பர்கள் "குடிகாரப் பயல்கள்" என்று சொல்லிவிட்டு அப்பால் போனார்கள். அக்டோபர்ஃபெஸ்ட் பீரோ சுமார் நூற்றுக்கு 6 பங்கு சாராயச் சத்துள்ளது. சாதாரணப் பீரைவிடக் கடுமையானது. குடலுக்கும் ஈரலுக்கும் குவளையின் விலை தெரியாது, தோழர்களே!

இதே கெடாவில், பீடோங் வட்டாரத்தில் நடந்த ஒரு காரியத்தை இவ்விளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? யுத்தம் முடிந்தபின் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் "தொண்டர் படை" என்றோர் இயக்கம் எழுந்தது. அதன் முதல் இலக்கு கள்ளுக்கடை. ஏன் கள்ளுக்கடை? தோட்டக் கள்ளுக்கடை பெரும்பாலும் நிர்வாகத்தின் கைக்குள் இருந்தது, உரிமமோ அரசாங்கத்தினுடையது. வெள்ளிக்கணக்கில் கொடுத்த கூலி காசுக்காசாகக் கள்ளுக்கடை வழியே திரும்பி வந்தது. காலையில் ஒரு கை கொடுத்ததை மாலையில் மறு கை வாங்கிக்கொண்டது. இந்தச் சூழ்ச்சியைப் படிப்பில்லாத பால்வெட்டுத் தொழிலாளி கண்டுகொண்டான். பெண்களும் உடன் நின்றார்கள். 1947-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங்கிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் போலீசாருடன் மோதல் நிகழ்ந்து, அடியும் கைதும் சிறையும் உயிர்ச்சேதமும் உண்டாயின. கள்ளை நிறுத்தச் சொன்னவர்களைத்தான் அடித்தார்கள், கவனியுங்கள், குடித்தவர்களையல்ல.

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால், குடியை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பாராமல் கூலிப் பிரச்சினையாகப் பார்த்தார்களே, அந்தப் பார்வை இன்றைய பட்டதாரிக்கு ஏன் இல்லை? மூனிக் விழாத் திடலில் ஆறே ஆறு உள்ளூர் மதுவடிசாலைகளின் பீருக்குத்தான் இடமுண்டு. வேறெவரும் அங்கே பீர் ஊற்ற முடியாது. 2024-ஆம் ஆண்டில் ஒரு லிட்டர்க் குவளையின் விலை 13.60 யூரோ முதல் 15.30 யூரோ வரை. நம் பணத்தில் ஏறக்குறைய அறுபதிலிருந்து எழுபது வெள்ளி. 2025 பிப்ரவரியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலைநாளால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, ஒரு குவளை என்பது ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்பு. "எனக்கு அதைவிட அதிகச் சம்பளம்" என்று கூலிம் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் சொல்லக்கூடும். உண்மையே. ஆனால் அவருடைய தங்கையின் கல்லூரிக் கட்டணமும் தகப்பனாரின் மருந்துச் செலவும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வருகின்றனவா, அல்லது வராமல் நிற்கின்றனவா என்பதை அவரே சொல்லட்டும்.

ஐரோப்பிய நாகரிகம் என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் அந்நாகரிகத்தின் வரலாற்றையாவது படித்தார்களா என்றால் அதுவுமில்லை. மூனிக் விழா 1810-ஆம் ஆண்டு அக்டோபரில் பவேரிய இளவரசர் லுட்விக், தெரேசா என்னும் அரசகுமாரியை மணந்தபோது நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கியது. மறு ஆண்டே அதனுடன் வேளாண்மைக் கண்காட்சி சேர்ந்தது. பீர் பின்னால் வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது.

ஸ்டுட்கார்ட் கதை இன்னும் சுவையானது. நமக்கு அண்டையிலே தொடங்குவது. 1815 ஏப்ரலில் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தகப் புகையும் வானத்தை மூடியதால் 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. பயிர் அழுகிற்று, குதிரைகளும் மாடுகளும் தீனியின்றி மாண்டன, வுர்ட்டம்பர்க் நாட்டுக் குடியானவர்கள் பட்டினி கிடந்தார்கள், நாடுவிட்டு ஓடினார்கள். (பஞ்சத்தால் ஊர்விட்டு ஓடியது நாம் மாத்திரம் என்று எண்ணியிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்க.) அப்போது பட்டத்துக்கு வந்த அரசர் வில்லியம், விவசாயிகளுக்கு ஊக்கமளிக்க நல்ல கால்நடைக்கும் நல்ல விளைச்சலுக்கும் பரிசளிக்கும் விழாவொன்றை 1818 செப்டம்பர் 28-இல் கண்ணஷ்டாட்டில் தொடங்கினார். அதே ஆண்டில் ஹோஹென்ஹைம் என்னுமிடத்தில் வேளாண்மைக் கல்விச்சாலை ஏற்பட்டது. அதே ஆண்டில் அவருடைய அரசி கத்தரினா ஏழைகளுக்கென்று சேமிப்பு வங்கியொன்றைத் தோற்றுவித்தார். பஞ்சத்துக்கு அவர்கள் கண்ட மருந்து விழா, பள்ளி, வங்கி என்னும் மூன்று. நம்மவர்கள் அம்மூன்றில் ஒன்றை மாத்திரம் பொறுக்கிக்கொண்டார்கள்; அதிலும் பீர்க் கொட்டகையை மாத்திரம்!

சேமிப்பு என்பது நமக்குத் தெரியாத வித்தையா? துன் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் தவணை தவணையாகச் சிறு பணம் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் இந்தக் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம். துண்டாடப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளியின் பணமே வாங்கிற்று. அப்பணம் கள்ளுக்கடையைத் தாண்டி வந்த பணம் என்பதை நினைவில் வையுங்கள்.

இனிச் சாலைக்கு வருவோம். குடிக்கும் பிரயாணம் என்றாலும் ஒருவாறு பொறுக்கலாம். குடித்துவிட்டு ஓட்டும் பிரயாணத்தை எப்படிப் பொறுப்பது? "இரவில் குடிப்போம், காலையில் ஓட்டுவோம்" என்கிறார்கள். உடம்பின் கணக்கு வேறு. மதுவின் வேகம் இரத்தத்திலிருந்து மணிக்கு மணி மிகச் சிறிதளவே இறங்கும். குளிர்ந்த நீரில் குளித்தாலும் காப்பி குடித்தாலும் அது விரைந்து இறங்காது. இரவு பத்து மணிவரை கொட்டகையில் மூன்று குவளை முடித்தவன் மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சக்கரத்தைப் பிடித்தால் அவன் இரத்தம் தெளிந்திருக்கப் போவதில்லை. ஜெர்மனியில் எல்லை, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதுவும் கிடையாது. நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 80 என்றிருந்தது 50 ஆயிற்று. ஒரே ஒரு லிட்டர் அந்தப் பீரே நடுத்தர உடம்புக்காரனை இவ்வெல்லைக்கு அப்பால் தள்ளப் போதும். செக் நாட்டிலோ ஓட்டுநனுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பூச்சியம். ஆக, மூனிக்கில் குடித்து மறுநாள் காலை பில்சனுக்கு ஓட்டுவது என்னும் திட்டத்தை வகுத்தவன் தன் நண்பர்களைச் சிறைக்கு வழிநடத்துகிறான். அல்லது அதைவிடத் தொலைவான ஊருக்கு. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன் வலப்பக்கம் ஓட்டவேண்டிய நாடு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஊர்க்காரனே விழாவுக்கு வண்டியில் வருவதில்லை. விழாத் திடலின் பெயராலேயே ஒரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. பல்லாயிரவர் அதில்தான் வந்து போகிறார்கள். வாடகை வண்டியைத் தெருவில் நிறுத்த இடந்தேடி அலைபவன் அயலூர்க்காரன்.

சாலைப் பிரயாணத்தின் உண்மைச் சுவை வேண்டுமானால் அதற்கும் அந்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்னும் மாது, தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவருக்குத் தெரியாமல் வெளியே எடுத்து, பதின்வயதுப் புதல்வர் இருவரை ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உலகில் மோட்டார் வண்டியில் நீண்ட பிரயாணம் செய்த முதல் ஆள் ஒரு பெண்! அவர் சென்ற வழியை 2008 முதல் நினைவுச் சாலையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். நம் யாத்திரைக் கூட்டம் அதற்கு வெகு அருகிலேயே போகும். ஆனால் அதன் பெயரைக் கேட்டதில்லை. கேட்கவும் அவர்களுக்கு மனம் வராது. ஏனெனில் அக்கூட்டத்தில் மனைவியரும் சகோதரியரும் இல்லை. ஐவர் வண்டியில் ஆறாவது ஆளாகப் பீருக்கு இடமுண்டு, வீட்டுப் பெண்ணுக்கு இடமில்லை. அவள் செல்லப்பட்டாணியில் குழந்தையையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்குப் பெயர் மேல்நாட்டு நாகரிகம் என்றால், லயத்து நாகரிகம் இதனினும் எவ்விதத்தில் கீழானது?

இன்னொரு வாதம் பலமாகக் கேட்கிறது. "இந்நாட்டில் நம் பீரையும் தடுக்கிறார்கள், ஆகவே வெளிநாடு போய்க் குடிப்பதே உரிமை" என்கிறார்கள். 2017-இல் கோலாலம்பூர் மாநகர மன்றம் ஒரு பீர் விழாவுக்கு அனுமதி மறுத்தது உண்மை. ஒருவர் மார்க்கத்தின் விதியை மற்றவர் தொண்டைக்குப் பூட்டாகப் போடுவதை நானும் ஒப்பவில்லை. ஆனால், எவனோ பிடுங்குகிறான் என்பதற்காகவே ஒரு பண்டம் உயர்ந்ததாகிவிடுமா? நம்மிடமிருந்து பறிபோனவை எத்தனையோ: தோட்டம் விற்கப்பட்டபோது லயம் போயிற்று, பல ஊர்களில் பள்ளியின் பிள்ளைகள் போயினர், பட்டணத்தில் வேலை கேட்ட இடத்தில் கதவு சாத்தப்பட்டது. அவற்றுக்கெல்லாம் வராத உரிமைக் கோபம் குவளைக்கு மட்டும் பொங்குவானேன்?

செப்டம்பருக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டவர்கள் அதைக் கிழித்தெறிய வேண்டாம். ஆனால் திட்டத்தை மாற்றலாம். மூனிக்குக்கு அருகிலேயே டாக்காவ் இருக்கிறது. 1933-இல் நாஜிகள் திறந்த கொடுஞ்சிறை முகாம் அது. தோட்டத்து மரண ரயிலின் கதை கேட்டு வளர்ந்தவன் அங்கே அரைநாள் நிற்கவேண்டும். வடக்கே ஹாலே நகரில் பிராங்கே நிலையத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் அச்சுக்கு வழிகோலிய சீகன்பால்குவை அனுப்பிய தொடர்பில் சேர்ந்தவை. ஹாலந்திலுள்ள லைடன் நகரம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரங்கூட இல்லை. அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்த செப்பேடுகளில் யாருடைய செய்தி பொறித்திருக்கிறது தெரியுமா? கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் காலத்தில் ஆனைமங்கலம் என்னும் ஊர் தானமாக வழங்கப்பட்ட செய்தி. கடாரம் என்பது நம் கெடாவேதான். ஆம்ஸ்டர்டாமில் பீர்த் தொழிற்சாலைக்குச் சீட்டு வாங்கி வரிசையில் நின்ற கடாரத்துத் தமிழர் எத்தனையோ பேர். லைடன் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்?

கண்ணஷ்டாட்டுக்கும் போகலாம், ரயிலில் போகலாம். திடலின் நடுவே கனிகளாலும் தானியங்களாலும் அலங்கரித்த உயர்ந்த தூணொன்று நிற்கும். பஞ்சம் தீர்ந்து விளைந்த அறுவடையின் நினைவு அது. கொட்டகைக்குள் நுழையுமுன் அதைச் சற்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஊருக்கு ஒரு படமும் அனுப்புங்கள். குவளையைக் கையில் பிடித்த படந்தான் இதுவரை வந்துகொண்டிருக்கிறது.