சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பிள்ளையை எங்கே தேடுவது?



அன்புச் சகோதரர்களே! இக்கட்டுரை சிலருக்குக் கசக்கும். அக்கசப்பில் முதற்பங்கு எனக்கே உரியது என்பதால், என் குறையிலிருந்தே தொடங்குகிறேன்.

ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், எங்கள் மஹல்லாவின் சந்துச் சுவரொன்றில் ஒரே இரவில் ஒரு சொல் எழுந்து நின்றது. ஸ்ப்ரே டப்பாவின் நீலத்தில், ஆளுயர அரபு எழுத்தில், வஹீயின் முதற்சொல்லான ‘இக்ரஃ’. எழுதியவன் என்னிடம் ஏழாண்டுகள் ஓதிய மாணவன். இப்போது வயது பதினேழு. தலையின் இருபுறமும் மழித்து உச்சியில் மட்டும் முடி விட்டிருப்பான். முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். காதில் எந்நேரமும் ராப் பாட்டு.

அஸர் தொழுகைக்குப் பின் பெரியவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டனர். “சிறுநீர் கழிக்கும் சந்தில் குர்ஆன் சொல்லை எழுதலாமா?” என்றார் ஒருவர். “இந்தத் தலையோடு இனி ஸஃப்பில் வந்து நிற்காதே” என்றார் இன்னொருவர். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அன்று மாலையே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. ஒரு மாதம் ஆவதற்குள் அதே சுவரில் ஓர் அரசியல் பிரமுகரின் பிறந்தநாள் சுவரொட்டி வரிசையாக ஒட்டப்பட்டது. அதற்காக எவரும் கூடவில்லை. சந்தில் சிறுநீர் கழிப்போரும் குறையவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அவன் செய்ததில் பிழை இல்லை என்று நான் வாதிடவில்லை. பிறர் சுவரில் அனுமதியின்றி எழுதுவது பிறர் உரிமையில் கைவைப்பது. இறைவசனத்தின் சொல்லை அசுத்தம் படும் இடத்தில் எழுதியது அதபுக் குறைவு. தலையில் ஒரு பகுதியை மழித்து மறுபகுதியை விடுவதற்கு ‘கஸஃ’ என்று பெயர். அதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இவை மூன்றையும் நான் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும். ஆனால் பிழையைத் திருத்துவது ஒன்று, பிள்ளையை விரட்டுவது மற்றொன்று. நாம் இரண்டாவதைச் செய்துவிட்டு, முதலாவதைச் செய்ததாகப் பெருமை கொள்கிறோம்.

“இதெல்லாம் மேல்நாட்டுக் குப்பை” என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்வோர், அது எங்கிருந்து வந்தது என்பதையாவது அறிய வேண்டும். ‘ஹிப்-ஹாப்’ எனப்படும் இந்தப் பண்பாடு, 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற குடியிருப்பில் நடந்த ஒரு விருந்தில் பிறந்ததாகச் சொல்வர். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம் அது. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் வேண்டி அக்குடும்பத்துப் பெண் விருந்தை ஏற்பாடு செய்தாள். அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஆக, பாட்டும் உடையும் அன்றே ஒரே வீட்டில் இருந்தன. சுவரெழுத்தும் விரைவில் அவற்றோடு சேர்ந்தது. தம் பெயரைக் கேட்க ஆளில்லாத ஏழைச் சிறுவர்கள், அதை ரயில் பெட்டிகளிலும் சுவர்களிலும் எழுதி, நாங்கள் இருக்கிறோம் என்று அறிவித்தார்கள்.

அந்த இசையில் நம் மார்க்கத்தின் நிழலும் உண்டு. அன்று மோஸ் டெஃப் என்றும் இன்று யாசீன் பே என்றும் அறியப்படும் அமெரிக்கப் பாடகர், 1999-இல் வெளியிட்ட தம் இசைத்தொகுப்பை ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லித் தொடங்கினார். மார்செய் நகரின் புகழ்பெற்ற ராப் குழுவான ‘இயாம்’மைச் சேர்ந்த அக்கனாத்தோன் இஸ்லாத்தைத் தழுவியவர்.

புதுச்சேரிக்கு இந்தக் காற்று வீசும் வழியும் தனியானது. 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் அது சட்டப்படி உறுதியானபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் நம்மில் பல. சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகள் பாரீஸ் புறநகர்களிலிருந்து கோடை விடுமுறைக்குக் காஜியார் வீதிக்கும் கோட்டக்குப்பத்துக்கும் வரும்போது, அத்தர் புட்டியோடு அங்குள்ள பாட்டும் காலணியும் முடிவெட்டும் சேர்ந்தே வருகின்றன. பிராங்கு ஓய்வூதியத்தை மகிழ்வோடு பெற்றுக்கொண்ட நாம், அதே கப்பலில் வந்த பிற சரக்கைப் பார்த்து மட்டும் அதிர்ச்சி அடைவது வேடிக்கை.

தமிழகத்திலும் கதை வேறல்ல. 2017-இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் ராப்பையும் இணைத்துச் சாதிக்கொடுமையைப் பாடியது. வடசென்னை இளைஞர்கள் கோட்டு சூட்டு அணிந்து மேடையேறியபோது, அந்த உடையும் ஒரு சொல்லாக இருந்தது. சென்னையின் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில், 2020-இல் பெரும் ஓவியங்கள் எழுந்தன. ஊரார் பெயரைச் சொல்லவே தயங்கிய இடத்தைப் பிறர் தேடிவந்து பார்த்தனர். பாட்டு, உடை, சுவர் மூன்றும் மதிப்பிழந்தவன் மதிப்பைக் கேட்கும் மூன்று குரல்கள். எங்கள் சந்தின் சிறுவன் கேட்டதும் அதையே. ஆனால் அவன் தன் பெயரை எழுதவில்லை; தன் இறைவனின் முதற்கட்டளையை எழுதினான். அந்த வேற்றுமை நம் கண்ணுக்குப் படவில்லை.

“அப்படியானால் எல்லாம் ஹலால் என்கிறீரா, ஹஜ்ரத்?” என்று கேட்பீர்கள். இல்லை. இசைக்கருவிகளைப் பெரும்பாலான இமாம்கள் தடுத்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் போன்றோர் மாறுபட்டுள்ளனர். இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் பாடலைக் கேட்பது பற்றித் தனிப்பகுதியே எழுதி, சூழலுக்கும் உள்ளத்துக்கும் ஏற்ப வகைபிரித்திருக்கிறார். நான் பெரும்பாலோர் வழியில் நிற்பவன், அதையே கற்பிக்கிறேன். ஆனால் கவிதையும் குரலும் அந்தத் தடைக்குள் அடங்குவன அல்ல. அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதி, வழிகேட்டில் அலையும் கவிஞர்களைக் கண்டித்துவிட்டு, ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைத்து, அநீதிக்குள்ளான பின் தம்மைக் காத்துக்கொள்வோருக்கு விலக்கு அளிக்கிறது. ஹஸ்ஸான் (ரலி) அவர்கள் கவி பாட நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துத் தந்தார்கள். பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, உமர் (ரலி) கல்லெடுத்துத் தடுக்க முனைந்தார்கள். நபியவர்களோ அவர்களை விட்டுவிடச் சொன்னார்கள். நாம் கல்லை மட்டும் ஸுன்னத்தாக்கிக்கொண்டோம்.

விபச்சாரத்துக்கே அனுமதி கேட்டு வந்த இளைஞரின் செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. சபையில் இருந்தோர் அதட்டினர். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகழைத்து அமர்த்தி, உன் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் மீது கைவைத்துத் துஆச் செய்தார்கள். விபச்சாரம் கேட்டவருக்கு அருகில் இடம் கிடைத்தது. முடிவெட்டியவனுக்கு நம் ஸஃப்பில் இடமில்லை!

உடையைப் பற்றிப் பேசும் தகுதியாவது நமக்கு இருக்கிறதா? பகட்டுக்காக அணியும் ஆடையைக் குறித்த எச்சரிக்கை அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. அந்த எச்சரிக்கை கிழிந்த ஜீன்ஸுக்கு மட்டுமா? ஒரு மாலை அணிந்து கழற்றும் ஷெர்வானிக்காகக் கடன் வாங்குகிறோம். திருமண மண்டப வாயிலில் மணமக்கள் படத்தை ஆளுயரத்துக்கு மேல் நிறுத்துகிறோம். வலீமாவில் ஒளிவிளக்கும் ஒலிபெருக்கியும் ஆடுகின்றன. அங்கே போய் “ஹராம்” என்று உரக்கச் சொன்ன பெரியவர் எத்தனை பேர்? நான் சொன்னதில்லை. மண்டபத்தார் பிரியாணி பரிமாறுவர். சந்துச் சிறுவனிடம் பரிமாற ஒன்றுமில்லை. நம் கண்டிப்பு எளியவனை நோக்கி மட்டுமே பாய்கிறது.

இனி இளைஞர்களுக்கு ஒரு சொல். தம்பிகளே! உங்களைப் புகழ்ந்து ஏமாற்ற நான் விரும்பவில்லை. எதிர்ப்பின் குரலாகப் பிறந்தது சந்தைச் சரக்காக வெகுகாலம் எடுக்கவில்லை. 1986-இல் ‘ரன்-டிஎம்சி’ என்ற குழு தாங்கள் அணிந்த அடிடாஸ் காலணியைப் புகழ்ந்து பாடியது. அந்நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அன்றுமுதல் ஏழையின் கோபத்துக்கு விலைச்சீட்டு தொங்குகிறது. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் நீங்கள் வாங்கும் போலி முத்திரைச் சட்டையும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. கஞ்சாவைப் புகழும் பாட்டும், பெண்ணை இழிவுசெய்யும் வரியும் எதிர்ப்பு ஆகா. அவை அடிமைத்தனத்தின் புதிய தாளம். வாரயிறுதியில் மதுவுக்காகவே ஊர் ஊராக ஆள் வந்திறங்கும் புதுச்சேரியில் பிறந்த நமக்கு, அந்தத் தாளம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. ஒரு பாட்டைக் கேட்டபின் தொழுகை இனிக்கிறதா, கனக்கிறதா? இந்தச் சட்டை உன் மானத்தை மறைக்கிறதா, விளம்பரத்தைச் சுமக்கிறதா? இக்கேள்விகளை நீங்களே உங்களிடம் கேளுங்கள். பதிலை என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களே! நம்மிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாமலா இருக்கிறது? உமறுப் புலவரின் சீறாப்புராணம் நம்முடையது. தெருப்பாட்டின் வேரைத் தேடுவோர் குணங்குடி மஸ்தான் சாகிபு பெயரையும் சொல்கின்றனர். நாகூர் ஹனீஃபாவின் குரல் நம் தெருக்களில் ஒலித்தபோது யாரும் காதைப் பொத்தவில்லை. எழுத்துக்கலையோ நம் பள்ளிவாசல்களின் உயிர். பாரீஸில் துனீசியப் பெற்றோருக்குப் பிறந்த எல் சீத், சுவரெழுத்திலிருந்து அரபு எழுத்துக்கலைக்கு வந்தவர். 2012-இல் துனீசியாவின் காபெஸ் நகரில் ஜாரா பள்ளிவாசல் மினாராவிலேயே அவர் எழுதினார். மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே சமூகங்களாக்கப்பட்டனர் என்னும் அல்ஹுஜுராத் வசனம் அது. அங்கே இளைஞனுக்கு மினாரா கிடைத்தது. இங்கே கிடைத்தது சுண்ணாம்பு வாளி.

எனவே மூன்றை முன்வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மஹல்லாவும் தனக்குரிய தூய்மையான ஒரு சுவரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். என்ன எழுதுவது என்பதை உலமாக்களோடு அமர்ந்து முடிவுசெய்யட்டும். இரண்டு, மக்தபில் வாரம் ஒரு மணி நேரம் நாணல் பேனாவும் மையும் கொண்டு எழுத்துக்கலை நடக்கட்டும். மூன்று, பெருநாள் மாலையில் இசைக்கருவியின்றி, தாங்களே எழுதிய தமிழ்க் கவிதையைப் பிள்ளைகள் சொல்லும் சபை ஒன்று கூடட்டும். வரதட்சணையையும் வட்டியையும் அவர்கள் தாளத்தோடு தாக்கினால், நாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம். முடிவெட்டு பற்றிய பேச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உள்ளே வந்தவனுக்குத்தான் உபதேசம் செய்ய முடியும்.

சென்ற வெள்ளி, மஃரிபுக்குப் பின் அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாயார் தேநீர் தந்தார். அவன் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை. என் பழைய நாணல் பேனா ஒன்றையும் மைப்புட்டியையும் வைத்துவிட்டுத் திரும்பினேன். மீண்டும் போவேன், இன்ஷா அல்லாஹ். அன்று அவன் என்னைப் பார்த்தபோது நான் பேசியிருந்தால், இந்தப் படியேற்றம் தேவைப்பட்டிருக்காது.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக்கவும், அவர்களை விரட்டாத நாவை நமக்குத் தரவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.