செல்போனுக்கு முன்னால் ஒரு மஞ்சள் போர்டு

சென்னையில் சாமானியனுக்குத் தொலைபேசியைக் கொடுத்தது செல்போன் என்கிறார்கள். பாதிதான் உண்மை. 1882-லேயே இந்த ஊரில் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. நூறு வருடம் கழித்தும், மயிலாப்பூரில் வீட்டுக்கு போன் வேண்டுமென்றால் மனு கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டெல்லிக்கு அது ஆடம்பரப் பொருள்!

அதை உடைத்தது எஸ்டிடி பூத். 1984-ல் சி-டாட் அமைந்து, உள்நாட்டிலேயே வடிவமைத்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகள் தயாராகத் தொடங்கின. சாம் பிட்ரோடா வலியுறுத்திய யோசனை எளிது: வீட்டுக்கொரு போன் முடியாதா, தெருவுக்கொன்று கொடு. தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைப்பையன்கள் ஊருக்குப் பேசியது அப்படித்தான். இரவில் கட்டணம் குறையும், வரிசை நீளும். (மீட்டரைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசுவது தனிக்கலை.)

செல்போன் 1995-ல் வந்தது. ஆனால் வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல் அது ஒழிந்த பிறகுதான் அந்தக் கடைப்பையன் கைக்கும் செல்போன் போனது.

நல்லதுதான். ஆனால் பூத் ஒதுக்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்த அரசு, பூத்துகள் காலியானபோது அவர்கள் கதி என்ன என்று யோசித்திருக்க வேண்டாமா? மயிலாப்பூரானாலும் அடையாறானாலும் கதை ஒன்றுதான். கையில் முதல் இருந்தவர்கள் ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டார்கள். இல்லாதவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.