இருக்கு... ஆனா இல்லை! அடிக்கடி அறுந்துபோகும் எஸ்எஸ்எச் டனல். தானாக இணைய வைத்தால் போதுமா?

திரையில் இணைப்பு அப்படியே இருக்கும். எதைத் தட்டினாலும் பதில் வராது. இரவு முழுக்க ஓட வேண்டிய பேக்கப் பாதியில் நின்றிருக்கும். தொலைவில் உள்ள சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. ஏன் இப்படி நடக்குது?

டனல் என்றால் என்ன?

பாஸ்வேர்டுகள் ஒட்டுக்கேட்கப்பட்டதைத் தொடர்ந்து, 1995இல் ஃபின்லாந்தில் உருவானது எஸ்எஸ்எச். மறையாக்கம் செய்யப்பட்ட இந்த இணைப்புக்குள் வேறு சேவைகளின் தகவலையும் அனுப்புவதுதான் டனல். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினி, தானே வெளி சர்வரைத் தொடர்புகொண்டு உள்ளே வர வழிவிட்டால், அது ரிவர்ஸ் டனல்.

ஏன் அறுபடுகிறது?

பேச்சுமூச்சு இல்லாத இணைப்பை ரவுட்டர்கள் மறந்துவிடும். அமேசான் கிளவுடின் நாட் கேட்வே 350 விநாடிகளில் மறந்துவிடுகிறது. லினக்ஸோ, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என முதன்முதலில் விசாரிப்பதே 7,200 விநாடிகள், அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான். அதுவரை இரு முனைகளுக்கும் விஷயமே தெரியாது.

தீர்வு என்ன?

'சர்வர்அலைவ்இன்டர்வல்' அமைப்பை 30 என வைத்தால், 30 விநாடிக்கு ஒருமுறை சர்வரிடம் "இருக்கியா?" என்று கேட்கும். 3 முறை பதில் இல்லையென்றால் இணைப்பை முடித்துக்கொள்ளும். அதன்பின் 'ஆட்டோஎஸ்எஸ்எச்' அல்லது 'சிஸ்டம்டி' அதை மீண்டும் தொடங்கிவிடும்.

இங்கே ஒரு சிக்கல். சிஸ்டம்டி வழக்கமாக 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் பலனில்லை என்றால் கைவிட்டுவிடும். எனவே, முயற்சிகளுக்கு இடையே சில விநாடிகளாவது இடைவெளி தேவை. சர்வர் பக்கமும் 'கிளையன்ட்அலைவ்இன்டர்வல்' வேண்டும். இல்லையென்றால், செத்துப்போன பழைய இணைப்பு போர்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். புதியது இணைந்தும் டனல் வேலை செய்யாது.

ஆபத்து எங்கே?

ஆள் இல்லாமல் தானாக இணைய வேண்டும் என்பதால், பெரும்பாலும் பாஸ்வேர்டு இல்லாத சாவிக் கோப்பே பயன்படுத்தப்படுகிறது. அந்தக் கணினி திருடுபோனால் சர்வரின் சாவியும் சேர்ந்து போகும். ஆகவே, டனலுக்கென்று தனிச் சாவி, ஷெல் அனுமதி மறுப்பு, குறிப்பிட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுமதி ஆகியவை கட்டாயம்.

எஸ்எஸ்எச் வழியாக ஊடுருவ வைக்கப்பட்ட 'எக்ஸ்இசட்' பின்கதவு 2024 மார்ச்சில் அம்பலமானது. லாகின் அரை விநாடி தாமதமானதை ஒரு பொறியாளர் கவனித்ததே அதற்குக் காரணம். டனல் தானாக இணையலாம். அதன் பதிவுகளை அவ்வப்போது மனிதர்தான் பார்க்க வேண்டும்.