நாபோத்தின் திராட்சைத் தோட்டமும் முள்ளிக்குளத்து வயல்களும்



திராட்சைப் பந்தலின் கீழ் வளர்ந்த நம் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு நாபோத்தின் கதையை நீட்டி விளக்க வேண்டியதில்லை. அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய தோட்டத்தை ஆகாபு அரசன் கேட்கிறான். அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொல்கிறான். வேண்டாமென்றால் பணம் தருவதாகவும் சொல்கிறான். கணக்குப் பார்த்தால் நாபோத்துக்கு நட்டமில்லை. ஆனாலும் அது மூதாதையர் வழிவந்த சொத்து என்று சொல்லி அவர் மறுத்துவிடுகிறார். பொய்ச் சாட்சிகளைக் கொண்டு அவரைக் கொன்ற பிறகே அந்த நிலம் அரசன் கைக்குப் போகிறது (1 அரசர்கள் 21).

சோறு போடும் நிலத்துக்கு ஈடாக வேறெதையும் வைக்க முடியாது என்பதை நம் பள்ளத்தாக்கின் வரலாறும் சொல்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டிகள் பலருடைய உயிரைக் காப்பாற்றின. ஆனால் கஞ்சித் தொட்டியால் அடுத்த பஞ்சத்தைத் தடுக்க முடியவில்லை. 1895-இல் பென்னி குவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. அன்றைய பசியைக் கஞ்சி ஆற்றியது. நாளைய பசியை நிலமும் நீரும் சேர்ந்தே தீர்த்தன.

இந்தப் பாடத்தோடு கடலுக்கு அப்பால் இருக்கும் நம் சகோதர சகோதரிகளை நினைத்துப் பார்ப்போம்.

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. வன்னியிலிருந்து வெளியேறிய ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் மெனிக் பாம் போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இரணைமடு, கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களின் பாசனத்தில் நெல் விளைவித்த உழவர்கள் தட்டேந்தி வரிசையில் நின்றார்கள். தலத்திருச்சபை அவர்களைக் கைவிடவில்லை. 1968-இல் தொடங்கப்பட்ட செடெக் என்னும் காரித்தாஸ் அமைப்பும், யாழ்ப்பாணத்தின் கியூடெக், மன்னாரின் வாழ்வுதயம் ஆகிய மறைமாவட்ட அமைப்புகளும் நிவாரணப் பணியிலும் மீள்குடியேற்றப் பணியிலும் ஈடுபட்டன. இதற்காக நாம் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் விதை கொடுத்தால் விதைக்க நிலம் வேண்டுமே! பலருடைய நிலம் முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கத்தோலிக்கக் கிராமம் முள்ளிக்குளம். 2007 செப்டம்பரில் அங்கிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அங்கே கடற்படைத் தளம் அமைந்தது. போர் முடிந்தும் ஊர் திரும்பி வரவில்லை. 2012-இல் அந்த மக்கள் அருகில் மலங்காடு என்ற காட்டுப் பகுதியில் குடியேற நேர்ந்தது. தங்கள் முன்னோர் வழிபட்ட ஆலயத்துக்குப் போவதற்கே கடற்படையின் அனுமதி வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் அவர்கள் அறவழிப் போராட்டம் தொடங்கினார்கள். ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இசைந்தது. ஆயினும் கடற்படையினர் குடியிருந்த வீடுகளும் பாசனக் குளங்களும் அப்போது அவர்களுக்குக் கிடைக்கவில்லை. குளம் இல்லாத வயல் என்ன ஆகும் என்பதைப் பெரியாற்றுத் தண்ணீருக்காக ஆண்டுதோறும் காத்திருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

இதை ஏன் உணவுப் பிரச்சினை என்கிறோம்? 2022-ஐ நினைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. நவம்பரில் தடை விலக்கப்படுவதற்குள் விளைச்சலுக்குப் பெரும் சேதம் நேர்ந்துவிட்டது. அந்நியச் செலாவணியும் தீர்ந்துபோக, ஏறத்தாழ 63 லட்சம் மக்களுக்குப் போதிய உணவு உறுதியாக இல்லை என்று 2022-இல் ஐ.நா. உணவு அமைப்புகள் கணித்தன. அந்த ஆண்டு மார்ச்சில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கிய குடும்பங்களை நாம் பார்த்தோம். மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் ஏற்றிய கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. அது நல்ல செயல். ஆனால் சொந்த வயலும் குளமும் கையில் உள்ள குடும்பம் இப்படிப்பட்ட நெருக்கடியில் ஒரு வேளைச் சோற்றையாவது தானே தேடிக்கொள்ளும். அவற்றை இழந்த குடும்பம் படகில்தான் ஏற வேண்டியிருக்கும்.

இங்கே திருச்சபைக்கு ஒரு சோதனை உண்டு. ஆடும் கோழியும் தையல் இயந்திரமும் கொடுத்தால் எல்லாரும் பாராட்டுவார்கள். நிலம் எங்கே என்று கேட்டால் அதிகாரத்தில் உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு கொடுக்கும் வேலைக்கும் தடை வரலாம். ஆகவே கேட்காமல் கொடுப்பதே விவேகம் என்று தோன்றும். மன்னார் ஆயராக 1992 முதல் 2016 வரை பணியாற்றிய மேதகு இராயப்பு ஜோசப் அந்த விவேகத்தைத் தேர்ந்துகொள்ளவில்லை. போரின் இறுதியில் கணக்கில் வராமல் போன 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்று 2011-இல் அரசின் ஆணைக்குழு முன்பாகக் கேட்டார். முள்ளிக்குளம் மக்களின் நிலத்துக்காகவும் குரல் கொடுத்தார். அதற்காக அவர் சந்தித்த எதிர்ப்புகள் கொஞ்சமல்ல. 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார்.

எலியா இறைவாக்கினரைப் பாருங்கள். பஞ்ச காலத்தில் சாரிபாத்துக் கைம்பெண்ணின் பானையில் மாவு குறையாதிருக்க இறைவன் அவரைக் கருவியாக்கினார். அதே எலியாவைத்தான் நாபோத்தின் தோட்டத்தில் ஆகாபின் முன்னால் போய் நிற்கவும் அனுப்பினார். மாவுப் பானைக்கு ஒருவர், தோட்டத்துக்கு வேறொருவர் என்று இறைவன் பிரிக்கவில்லை. நாம்தான் பிரிக்கிறோம்.

நம் வீட்டு வாசலுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. விடியும் முன்பே ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து, மலையேறி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். ரேஷன் அரிசி அவர்கள் அடுப்பை எரிய வைக்கிறது. அது சட்டம் தந்த உரிமை, பிச்சை அல்ல. ஆனால் அவர்களில் எத்தனை பேருக்கு ஒரு சென்ட் நிலத்துக்காவது பட்டா இருக்கிறது? வின்சென்ட் தே பவுல் சபையின் உதவியோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுவோம். தவக்கால உண்டியலில் காசு போடும்போது, இது யாருடைய பசியை ஆற்றும் என்று கேட்பதோடு, அவர்களுடைய நிலம் யார் கையில் இருக்கிறது என்றும் கேட்போம். முள்ளிக்குளம் மக்கள் தங்கள் குளத்துத் தண்ணீரில் தங்கள் வயலை நனைக்கும் நாளுக்காகச் செபிப்போம். கொடுக்கும் கையையும் கேட்கும் துணிவையும் இறைவன் நமக்குச் சேர்த்தே அருள்வாராக.