சும்மா வருமா வருமானம்?

'தூங்கும்போதும் சம்பாதிக்கலாம்' என்கிறது ஒரு விளம்பரம். 'டீக்கடையில் முதலீடு மட்டும் போடுங்கள், கடையை நாங்கள் நடத்துகிறோம்' என்கிறது இன்னொன்று. மூன்றாவது, நெடுஞ்சாலை ஓரத்து மனை. சைட்டைப் பார்க்க வேன் இலவசம், மதியச் சாப்பாடு இலவசம், அன்றே புக் செய்தால் தங்கக் காசு. ரிட்டையர்மென்ட் பணம் கைக்கு வந்த மாதத்தில் இவையெல்லாம் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுகின்றன. பி.எஃப்., கிராஜுவிட்டி, ஊரில் பாகம் பிரித்து வந்த தொகை என்று பேங்கில் பணம் சேர்ந்துவிட்டால் 'மாசாமாசம் ஏதாவது வர்ற மாதிரி செய்யணும்' என்ற பேச்சு வீட்டில் தொடங்கும். தொடங்கட்டும், நல்ல பேச்சுதான். அந்த வருமானத்துக்கான வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சு கடைசியில் வீட்டில்தான் போய் நிற்கும். ஒரு ஃபிளாட்டை வாங்கிப் போட்டால் வாடகை வந்துகொண்டே இருக்குமாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் 80 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட், வாடகை 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,40,000, போட்ட பணத்துக்கு 3 சதவீதம். அசோசியேஷன் மெயின்டனன்ஸ், சொத்து வரி, ஆள் மாறும்போது பெயின்ட், நடுவில் காலியாகக் கிடக்கும் ஒரு மாதம் எல்லாம் போக 2 சதவீதம் நின்றால் அதிர்ஷ்டம். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் வேறு. முழுத் தொகைக்கும் பத்திரம் போட்டால் 7,20,000 ரூபாய். மூன்று வருட வாடகை சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸிலேயே தீர்ந்தது. லோன் போட்டு வாங்கினால் இன்னும் வேடிக்கை. 60 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருட இ.எம்.ஐ. மாதம் 52,000 ரூபாயைத் தாண்டும். வருவது 20,000. மீதியைச் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டே அதை வருமானம் என்று சொல்லிக்கொள்ள அசாத்திய துணிச்சல் வேண்டும்.

இதே 20,000 ரூபாய்க்குத் தபால் ஆபீஸில் ஒரு வழி இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயதானவர்கள் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டி என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய். மாதக் கணக்கில் 20,500. 80 லட்ச ஃபிளாட் தருவதைவிட 500 ரூபாய் கூடுதல். வாடகை வருடா வருடம் ஏறும், இந்த வட்டி ஐந்து வருடத்துக்கு அப்படியே நிற்கும் என்பீர்கள். சரிதான். வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் வருமான வரி, வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை, அதுவும் சரி. வீட்டின் விலை ஏறும் என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த ஏற்றம் விற்கிற அன்றுதான் கைக்கு வரும். அதுவரை மளிகைக் கடை பாக்கிக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. மாத வருமானத்துக்காக வாங்குகிறோமா, விலை ஏறும் என்று வாங்குகிறோமா என்பதை வீட்டில் பேசித் தீர்த்துவிட்டு அப்புறம் புரோக்கரைக் கூப்பிடலாம்.

திருப்பூர் மாதிரி ஊர்களில் கணக்கு மாறும். சொந்த இடத்தில் வரிசையாக நாலைந்து லைன் வீடு கட்டிவிட்டால், நிலத்துக்குத் தனியாகப் பணம் போடாததால் கட்டிய செலவுக்கு வாடகை நன்றாகவே கட்டுப்படியாகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் போன் வரும். "அண்ணா, மோட்டார் ஓடலைங்க. டேங்க்ல சொட்டுத் தண்ணி இல்லைங்க." காயில் போயிருக்கும். கழற்றிக் கொண்டுபோய்ச் சுற்றிக் கொண்டுவரும் வரை லாரித் தண்ணீர்தான். அது முடிவதற்குள் மூன்றாவது வீட்டுக்காரர் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது என்பார். இரண்டு வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் கரண்ட் பில் வரும்போதெல்லாம் பஞ்சாயத்து. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் தமிழகத்தில் 2019 பிப்ரவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. இன்னும் பல லைன் வீடுகள் வாய்ப்பேச்சில்தான் ஓடுகின்றன. வாடகை நின்ற பிறகுதான் காகிதம் இல்லாத குறை தெரிகிறது. நாலு வீடு வைத்திருப்பது ஒரு தொழில். உடம்பு இடம் கொடுத்தால் நல்ல தொழில்.

வேலையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு லாபத்தை மட்டும் ஊரில் இருந்து வாங்குவதில் அந்தக் காலத்து நகரத்தாரை, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை, மிஞ்ச ஆள் கிடையாது. முதலாளி செட்டிநாட்டில், வட்டிக்கடை பர்மாவில். நடத்துபவர் சம்பளத்துக்குப் போன ஏஜென்ட். பெரும்பாலும் மூன்று வருடக் கெடு. கெடு முடிந்தால் அடுத்தவர் கப்பலேறிப் போய்க் கணக்கு வழக்கைப் பார்த்துப் பொறுப்பேற்பார். ஐந்தொகை ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். வட்டிதான் அவர்கள் தொழில். நெல்வயலுக்கு உடைமைக்காரர் ஆகும் ஆசை அவர்களுக்குப் பெரிதாக இருந்ததில்லை. 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியாமல் போக, அடமான நிலங்கள் கடைகளின் பேருக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். ஐந்தொகையில் சொத்து பெருத்தது, கையில் புரளும் பணம் வற்றியது. நிலத்தை இழந்தவனின் கோபம் இன்னொரு பக்கம். 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. கணக்கில் புலியானவர்களுக்கே தூரத்துச் சொத்து இப்படிப் போயிற்று. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் மனை வாங்கிப்போடும் தம்பிகள், வருடத்துக்கு ஒரு தடவையாவது ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

மனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலி மனை வாடகை தராது. மாத வருமானப் பேச்சில் அதற்கு இடமே இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, தவணை கட்டி வாங்கிய எத்தனையோ பேர் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். அடுத்த வருடம் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது.

உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டு வாடகை வாங்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் ரீட். பெரிய ஆபீஸ் வளாகங்களையும் மால்களையும் வைத்திருக்கும் ஒரு டிரஸ்ட், தன் யூனிட்களைப் பங்குச் சந்தையில் விற்கிறது. இந்தியாவில் முதல் ரீட் 2019-இல் பட்டியலிடப்பட்டது. பகிர்ந்தளிக்கத் தக்க பணத்தில் 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது செபி விதி. டீமேட் கணக்கு இருந்தால் சில நூறு ரூபாய்க்குக்கூட ஒரு யூனிட் வாங்கலாம். விலை பங்கு போலவே ஏறி இறங்கும். கம்பெனிகள் ஆபீஸைக் காலி செய்தால் வரும் பணமும் குறையும். கிரகப் பிரவேசம் நடத்த முடியாது என்பதாலோ என்னவோ, நம்மவர்களுக்கு இதில் இன்னும் மனசு ஒட்டவில்லை.

வேலையும் இல்லை, ரிஸ்க்கும் இல்லை, மாதம் இவ்வளவு நிச்சயம் என்று யாராவது சொன்னால் பெருந்துறை ஈமு கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் கட்டினால் குஞ்சும் கொடுத்து, தீவனமும் கொடுத்து, மாதப் பணமும் தருவதாக ஈமு நிறுவனத்தார் சொன்னார்கள். ஈமு கறிக்குச் சந்தை உருவாகவே இல்லை. முன்னால் வந்தவருக்குப் போனது பின்னால் வந்தவர் கட்டிய டெபாசிட். 2012-இல் கடையைக் கட்டியபோது கொங்கு மண்டலத்தில் அழாத ஊர் குறைவு. அதற்கு முன்பே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஆனாலும் ஆருத்ரா நிதி நிறுவனம் வந்தபோது வரிசையில் நின்றோம். மாதத்துக்கு 25, 30 சதவீத வட்டி தருகிறேன் என்பவனிடம் எந்தத் தொழிலில் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

இனி கடை. சொந்தக்காரர், 'மாமா, நீங்க பணத்தை மட்டும் போடுங்க, லாபத்துல பாதி உங்களுக்கு' என்று பத்திரத்தோடு வருவார். கையெழுத்துப் போடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1932-ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி, கடைப் பக்கமே வராத தூங்கும் பங்குதாரரும் கடையின் கடனுக்கு முழுப் பொறுப்பு. கடை மூழ்கினால் கடன்காரர் உங்கள் சொந்த வீடு வரை வரலாம். பணம் போடுவதோடு நிறுத்திக்கொள்ள விரும்புபவர், பொறுப்புக்கு வரம்புள்ள எல்.எல்.பி.யாகப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கலாம். மாப்பிள்ளை முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

'நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டீக்கடை, குடும்பச் சூழ்நிலை காரணமாக விற்பனைக்கு' என்ற வரி விளம்பரம் வராத நாள் கிடையாது. விற்பவர் சொல்லும் தினசரி வியாபாரத்தை நம்ப வேண்டாம். பால்காரர் நோட்டைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் இறங்குகிறது என்று அதில் இருக்கும், ஒரு லிட்டருக்கு எத்தனை டீ என்று எந்த மாஸ்டரும் சொல்வார், பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கடை வாடகை ஒப்பந்தம் யார் பேரில், இன்னும் எத்தனை மாதம், கட்டட உரிமையாளர் உங்களுக்கு மாற்றிக் கொடுப்பாரா என்று பாருங்கள். மாஸ்டரிடம் தனியாகப் பேசுங்கள். கூட்டம் வருவது அவர் கைக்குத்தான். முதலாளி மாறினால் அவர் இருப்பாரா, தீபாவளிக்கு ஊருக்குப் போனால் அடுப்பில் யார் நிற்பது என்று அவர்தான் சொல்ல முடியும். பால் நோட்டைக் காட்ட மறுக்கிறவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். காட்டினால், ஒரு டீயைச் சொல்லிவிட்டுக் கல்லாவுக்கு எதிர் பெஞ்சில் காலை ஐந்து மணிக்கே போய் உட்காருங்கள்.