பிரேக்கில் கை வைக்கலாம்

ஆயுத பூஜை வந்தால் காரைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அதே சக்கரத்தைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றால் மட்டும் முகம் மாறிவிடுகிறது. “பிரேக் உயிர் சமாச்சாரம் சார், அதுலெல்லாம் நாம கை வைக்கக் கூடாது.” வைப்பர் மாற்றுவோம், பல்பு மாற்றுவோம், துணிந்தவர்கள் இன்ஜின் ஆயிலும் மாற்றுவார்கள். பிரேக் மட்டும் கருவறை. இன்ஜினியரிங் படித்தவரும் படிக்காதவரும் ஒரே குரலில் சொல்லும் இந்தப் பேச்சு தவறானது; அதோடு ஆபத்தானதும்கூட.

உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் சக்கரத்துக் காலிப்பரில் ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி ஒரு ரப்பர் சீல், காலிப்பர் வழுக்கி நகர இரண்டு கைடு பின்கள். பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். உள்பக்கப் பேட் டிஸ்க்கில் படியும். அந்த எதிர்விசையில் காலிப்பர் நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் கொண்டுவந்து அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. மிதிக்கும்போது லேசாக முறுகிய அந்தச் சீல், முறுக்கு விடும்போது பிஸ்டனையும் மயிரிழை தூரம் கூட்டிக்கொண்டு வருகிறது. பிரேக் விடுவது என்பது அவ்வளவுதான். என்னைக் கேட்டால், காரில் இதைவிட அழகான ஏற்பாடு இன்னொன்று இல்லை.

பிரேக் விடாமல் ஒட்டிக்கொள்வதும் இதே வழியில்தான். பிஸ்டனின் தூசி ரப்பர் கிழிந்து தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் துருப்பிடிக்கும். சீலின் சின்ன இழுப்பு அந்தத் துருவை ஜெயிக்காது. கைடு பின்னில் கிரீஸ் காய்ந்தால் காலிப்பர் நின்ற இடத்திலேயே நிற்கும், ஒரு பேட் மட்டும் தேய்ந்து தகடாகும். கடற்கரை ஓரம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்று இந்த வேலையை வேகமாகவே செய்து தரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் சக்கரம் முழுகி நின்றன. அப்படி நின்ற வண்டியில் இன்ஜினையும் சீட்டையும் கவனித்துவிட்டுச் சக்கரத்தைத் திறக்காமல் ஓட்டுபவருக்கு, பிறகு என்றாவது ஒருநாள் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும்.

வெளியிலிருந்து வரும் தண்ணீர் போதாதென்று உள்ளுக்குள்ளும் தண்ணீர் சேர்கிறது. டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் அதற்கான வரம்பு 155 டிகிரி. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும்படி பல கார்களின் கையேடுகள் சொல்கின்றன. நாமோ டப்பாவில் அளவு குறைந்தால் ஊற்றுவதோடு சரி. இப்போது ஒட்டிய காலிப்பரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பாருங்கள். வேண்டாம், இறங்காதீர்கள். தேயும் பேடின் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏறும்; ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியாகும்; ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது; பெடல் பஞ்சாகிக் கீழே போகும். கை வைக்காமல் விட்டதால் வரும் ஆபத்து இது.

“அதுக்குத்தானே மெக்கானிக்?” நல்ல மெக்கானிக் கையைக் கும்பிடலாம். ஆனால் வரிசையில் பத்து வண்டி நிற்கும் பட்டறையில் உங்கள் காலிப்பருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? கழற்றிய காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸிலேயே தொங்கவிடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது ஹோஸின் உள்சுவரைக் கெடுக்கும். கைடு பின்னுக்குச் சிலிக்கோன் கிரீஸ் போட வேண்டிய இடத்தில் கைக்குக் கிடைத்த கிரீஸைப் பூசுவார்கள்; பெட்ரோலிய கிரீஸில் ரப்பர் ஊதிப்போய், சரி செய்த அதே பின் மறுபடி பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஒற்றை வரித் தீர்ப்பு: “காலிப்பர் போயிடுச்சு சார், மாத்தணும்.” போனது காலிப்பர்தானா என்று பார்த்தார்களா?

அதைப் பார்க்க நிமிடம்கூட ஆகாது. சக்கரம் இறுகி நிற்கும்போது காலிப்பரில் ஏர் எடுப்பதற்கான நிப்பிளைச் சற்றே திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் சுற்றத் தொடங்கினால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. குற்றவாளி, உள்ளுக்குள் வீங்கி அடைத்த ஹோஸ் அல்லது மாஸ்டர் சிலிண்டர் பக்கம். திறந்தும் இறுக்கம் விடவில்லையென்றால்தான் பின்னோ பிஸ்டனோ. பின் என்றால் துடைத்துச் சரியான கிரீஸ் போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. பிஸ்டன் மேல் துருப் பொரிந்திருந்தால் அப்போது மாற்றலாம், தயங்க வேண்டாம். சிலிண்டரும் பிஸ்டனும் நன்றாக இருந்தால் சீல் கிட் மட்டும் வாங்கிப் போடுகிற வழியும் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முழுக் காலிப்பரை மாற்றுவது அதைவிடச் சுலபம்.

புதியவர் வீட்டில் செய்யும்போது உயிருக்கு ஆபத்து இருக்கிறதா? இருக்கிறது, ஜாக்கியில். காரோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் இறக்கி, அசைத்துப் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். பிரேக்கைக் கண்டு பயப்படுபவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடுவதுதான் எனக்கு விளங்குவதில்லை.

மற்றவை தெரிந்துகொண்டால் தவிர்க்கக்கூடிய தவறுகள். இடது காலிப்பரையும் வலது காலிப்பரையும் மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும், எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பெடல் ஏறாது. நிப்பிள் எப்போதும் மேலே. ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் உள்ள செப்பு வாஷர் புதிதாக இருக்க வேண்டும். ஏர் எடுக்க வீட்டிலுள்ள ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டால் போதும். நிப்பிளை மூடும்வரை அவர் காலை எடுக்கக் கூடாது, டப்பாவில் ஆயில் வற்றக் கூடாது. போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். “நல்லா டைட்டா” என்பது அளவு அல்ல. வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். இதை மறந்து கிளப்பினால் முதல் மிதி தரையைத் தொடும், எதிரே கேட் இருக்கும்.

அரை மணி நேர வீடியோ பார்த்துவிட்டு அரை மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் தயவுசெய்து பட்டறைக்கே போகட்டும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள பின்சக்கரம், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போன வண்டி, துருவில் இறுகிய பைப் நட் ஆகியவையும் முதல் வேலைக்கு உகந்தவை அல்ல. வேலை முடிந்தும் பெடலில் பஞ்சுத்தன்மை இருந்தால் வண்டி வீட்டைவிட்டு நகரக் கூடாது.

இவ்வளவும் கேட்ட பிறகும் நேரமில்லை, இடமில்லை, மனமில்லை என்பவர்கள் இருப்பார்கள். அடுக்குமாடிப் பார்க்கிங்கில் ஸ்பேனர் எடுத்தாலே செயலாளர் ஓடிவரும் குடியிருப்புகளும் உண்டு. சரி, பட்டறையிலேயே விடுங்கள். சக்கரம் கழன்று இருக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நிப்பிளைத் திறந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். காலிப்பரை மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிப் பிஸ்டனையும் பின்னையும் பாருங்கள். பிஸ்டன் துருவில்லாமல் பளபளக்கிறதா, பின் விரலால் தள்ளினாலே ஓடுகிறதா? அப்படியானால் இதை ஏன் மாற்றினீர்கள் என்று, பில்லுக்குப் பணம் எடுக்கும் முன்பு கேளுங்கள்.